பழைய பாவுப் பக்கம்

— அந்த ஒரு இழையை மட்டும் ஏன்டி வாய்க்குள்ள முணுமுணுத்துக்கினே முறுக்குற, ஷாரோன்?

— பாட்டுக்கா. சர்ச்சுல பாடுறது.

— அரே, சர்ச்சுப் பாட்டுல எம்பேரு எதுக்கு? "மெஹதாப்"னு என் காதுல வுழுந்துது.

— உன் காதுல இப்ப எதுதான் வுழல? பத்து தெரு தள்ளி எவளாவது அழுதாகூட உனக்குக் கேட்டுடுது. எனக்குப் பக்கத்து வூட்டு மிக்சியே கேக்கல.

— ஆரம்பிச்சிட்டியா? வேலையைப் பாரு. தறிக்காரரு கலியாணசுந்தரம் சாப்ட்டு வந்ததும் தறியில உக்காந்துடுவாரு. அதுக்குள்ள பாவைப் பிணைச்சு முடிக்கணும். அந்தச் சாம்பல் கிண்ணத்தை இப்படித் தள்ளு, முட்டி பிடிச்சிக்குது, எட்டல.

— இந்தா. தறியில நெஞ்சு முடிஞ்ச பழைய பாவு இழை ஒண்ணு, அடுத்த சேலைக்குப் புதுப் பாவு இழை ஒண்ணு, சாம்பல் தொட்டு ஒரு முறுக்கு. ரெண்டு பேரும் எதிரெதிர்ல உக்காந்து இதைத்தான் காலம்பூரா செய்யறோம். அதே சாம்பல், அதே மந்திரம். உன் கைக்கு மட்டும் பலிக்குது. என் கை அவிஞ்சு போச்சு. ஏன்க்கா?

— ஊருல ஏழு சூனியக்காரிங்க இருந்தோம். உன்னோட சேத்து ஆறு பேரு கை அவிஞ்சிடுச்சு. மந்திரமே வத்திக்கினு வருதுடி, கோடையில தாமல் ஏரி வத்துற மாதிரி. அதுக்கு நான் என்னா பண்ணட்டும்?

— ஏரி வத்துது, உன் கரையில மட்டும் தண்ணி நிக்குது. நேத்து உன் வாசல்ல மூணு ஸ்கூட்டி. தென்னேரியிலேர்ந்து வந்தவ எங்கிட்டயே வழி கேக்குறா, "மெஹதாப் அம்மா வூடு எது"ன்னு. என் வாசல்ல நாய்கூட படுக்க மாட்டேங்குது.

— வழி காமிச்சியா?

— பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அனுப்பிட்டேன்.

— அடிப்பாவி! அதான் வெயில்ல வெந்துபோயி வந்தாளா அவ?

— வந்துட்டா இல்ல? அவளை வுட்டு ஓடின புருஷனும் வந்துட்டானா?

— ராத்திரியே வந்துட்டான்.

— பாத்தியா, சிரிக்கிற. வயிறு எரியுதுக்கா எனக்கு. உங்கிட்ட மறைக்கறதுக்கு என்னா இருக்குது? நெருப்பை முழுங்கின மாதிரி எரியுது.

— எரியட்டும். கொஞ்சம் குனிஞ்சு பாரு. கண்ணாடி ஓட்டு வழியா வெயில் வுழுது. உன் நிழல் எங்க?

— இருக்குது.

— எங்கடி?

— கால்கிட்டதான். கொஞ்சம் மெலிஞ்சிருக்குது.

— டீ சிந்திக் காய்ஞ்ச கறை மாதிரி இருக்குது.

— உன்னுது தார் ஊத்தின மாதிரி இருக்குது. துப்பட்டாவைப் போட்டு மூடிக்க, கண்ணு வச்சிடுவேன்.

— நம்ம ஏழு பேருல அன்னம்மாளுக்கும் இப்படித்தான் ஆச்சு. மொதல்ல கை அவிஞ்சுது. அப்புறம் நிழல். அப்புறம் ஆளே யாரு கண்ணுக்கும்...

— சொல்லாதக்கா.

— பெத்த புள்ள ஜெபகுமாரு அவ மேலயே பாயை விரிச்சுப் படுத்தான்.

— சொல்லாதன்னேன் இல்ல! நேத்து எம்பொண்ணு அபி சோறு போட்டா. ஒரே தட்டு. "எனக்குடி"ன்னேன். தூக்கிவாரிப் போட்டுடுச்சு அவளுக்கு. "நீ எப்பம்மா வந்தே"ங்கறா. காலையிலேர்ந்து அவ எதிர்லதான்க்கா உக்காந்திருந்தேன்.

— அதுக்குத்தான் என் முடியைத் திருடினியா?

— எந்த முடி?

— நான் தலை வாரி சுருட்டிப் போட்டது. இதோ, என் பக்கத்துப் பழைய இழையில என் முடி. உன் பக்கத்துப் புது இழையில உன் முடி. எம்பேரைச் சொல்லி ரெண்டையும் சேத்து முறுக்கிட்ட. எவ்ளோ நாளா நடக்குது இது?

— பங்குனியிலேர்ந்து. ஒவ்வொரு பாவுலயும். ஆமா, திருடினேன். உங்கிட்ட இருக்கறது எங்கிட்ட வரட்டும்னுதான் செஞ்சேன். உனக்கென்ன, உம்புள்ள முஜீப்பு துபாய்ல இருக்கான். அவன் கண்ணுக்கு நீ தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன? என் பொண்ணு என் வூட்டுல இருக்கா.

— வீடியோ கால்ல தெரியணும் இல்லடி? தை மாசம் கூப்பிட்டான். "அம்மி, கேமராவை உங்க பக்கம் திருப்புங்க"ன்னான். அது என் பக்கம்தான் இருந்துது.

— உனக்குமா?

— அப்ப என் நிழல் உன்னுதைவிட மெல்லிசு. நீ மட்டும்தான் எரிஞ்சன்னு நெனைச்சியா? மந்திரம் நெறைஞ்சிருந்த காலத்துல ஊரு பூரா "ஷாரோன் கை, ஷாரோன் கை"ன்னுதான் பேசும். நான் உனக்குச் சாம்பல் சலிச்சுக் குடுத்தவ.

— பொய் சொல்ற. பங்குனியிலேர்ந்து உன் வாசல்ல கூட்டம் தாங்கல.

— பங்குனியிலேர்ந்துதான். சரியாச் சொன்ன.

— அது எப்பிடி? நான்தான புதுப் பாவுப் பக்கம் உக்காந்திருக்கேன்? நம்ம முடியைப் புதுசுல கட்டினாத்தான் உயிர் ஏறும்.

— யாரு சொன்னது?

— நீதான... நீதானேக்கா சொன்ன.

— பிணைச்சு முடிச்சதும் கலியாணசுந்தரம் என்னா பண்ணுவாரு?

— பழைய பாவைப் பிடிச்சு இழுப்பாரு.

— புதுசு?

— பின்னாலயே பழைய பக்கம் வந்துடும்...

— அப்ப, போறது யாருது? வாங்குறது யாரு?

— அக்கா... முட்டி வலிக்குது, புதுப் பாவுப் பக்கம் உக்கார முடியாதுன்னு பங்குனியில சொன்னியே. நானும் சந்தோஷமா இடம் மாத்திக்கினேனே.

— இதோ எழுந்துட்டேன், உக்காந்துட்டேன். முட்டிக்கு ஒண்ணும் இல்ல.

— அவுக்குறேன். அவரு வர்றதுக்குள்ள இதை அவுத்துடறேன். ஐயோ, இழை விரல்ல நிக்க மாட்டேங்குதே!

— நிக்காது. நீ பேசிக்கினு இருக்கும்போதே பழைய இழையை நான் இழுத்துட்டேன்.

— மெஹதாப் பெரியம்மா! அம்மாவுக்குச் சாப்பாடு எடுத்தாந்தேன். எங்க அவங்க?

— அபி! இங்கடி! உன் எதிர்லதான் இருக்கேன், பாருடி!

— யார்கிட்ட பெரியம்மா பேசினீங்க? வாசல் வரைக்கும் கேட்டுது.

— அக்கா, உன் கால்ல வுழறேன். நான் இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லுக்கா அவகிட்ட.

— முஜீப்போட போன்ல பேசிக்கினு இருந்தேன் கண்ணு. உங்கம்மா வரவே இல்ல, காலையிலேர்ந்து நான் ஒருத்திதான். வேலை அப்படியே நிக்குது. எதிர்ல எடம் காலியாத்தான் இருக்குது, வா, வந்து உக்காரு.