தென்கடல் பனியும் ஒரு கடுதாசியும்

பிரிக்ஃபீல்ட்ஸ் தபாலாபீஸில் தபால்தலை வாங்க நின்ற வரிசை எருமைபோல அசையாமல் கிடந்தது. எனக்கு முன்னால் நின்ற, ஆபீஸில் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி, ஆங்கிலப் பத்திரிகையில் படித்த அதிசயத்தைத் தமக்கு முன்னால் நின்ற ரயில்பாதைத் தொழிலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தென்துருவக் கடலில ஐஸ் கூடினால் இந்தியாவில மழை பொய்த்துப் போகுமாம்."

தொழிலாளி இன்னும் ஒட்டாத உறையை நீட்டினான். "ஐயா, அத இந்தக் கடுதாசில எழுதித் தருவீங்களா?"

"ஏன் தம்பி?"

"என் தங்கச்சிய ஊர்ல, மதுரப் பக்கம் கட்டிக் கொடுத்தோம். அவ கால் வச்ச வருசத்துலேருந்து அங்க மழயில்ல. ராசியில்லாத பொண்ணுன்னு தொரத்திட்டாங்க. அவ புருசனுக்குத்தான் எழுதிருக்கேன்."

கிராணி தயங்கினார். "இது ஆரோ ஒரு ஆராய்ச்சிக்காரர் நினைக்கிறது. இன்னும் நிச்சயமில்லை எண்டுதான் போட்டிருக்கினம்."

"அவதான் காரணம்னு மட்டும் நிச்சயமாத் தெரிஞ்சுக்கிட்டா ஐயா தொரத்துனாங்க?"

வரிசை நகர்ந்தது. கிராணி நகரவில்லை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"தங்கச்சியின்ட பேர் என்ன, தம்பி?"