சங்க முத்திரையை டிபன் டப்பாவில் வைத்தது குறித்து

என் பெயர், வயது, முகவரி மூன்றும் இந்தத் தாளின் தலைப்பில் எழுதியிருப்பவையே. படித்துக் காட்டினார்கள், சரியாக இருந்தன. ஆனால் எங்கள் தையல் கூட்டுறவுச் சங்கத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. காஜா எடுக்கும் வேலையில், அதாவது பட்டன் துளைக்கு ஓரம் கட்டும் வேலையில் சேர்ந்ததால் எல்லோருக்கும் நான் காஜாக்கா. சங்கத்தின் செயலாளரும் நானே. சங்கத் தலைவர் கொடுத்த புகாரின் பேரில் இந்தக் காவல் நிலையத்தில் என்னை விசாரித்ததில் நான் சொல்வதாவது:

எங்கள் சங்கம் ஒரு பழைய கிடங்கின் மாடியில் இருக்கிறது. மெஷின்கள் சங்கத்துக்குச் சொந்தம். உறுப்பினர்கள் மட்டுமே அவற்றில் உட்கார்ந்து தைக்கலாம். போன வாரம் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டிய அங்கிகள் ஒரு மூட்டை கருகிப் போயின. யாரோ இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் மேஜை மேல் விட்டிருக்கிறார்கள். அன்று கடைசியாகக் கிளம்பியவள் என் நாத்தனார்.

அவள் என் கணவரின் தங்கை. புருஷன் விட்டுப்போனதிலிருந்து அவளும் பிள்ளைகளும் அந்த ஒரு மெஷினை நம்பித்தான் இருக்கிறார்கள். எனக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வீட்டைப் பங்கு போட்டபோது நடுவே எழுப்பிய சுவரில் ஒரு ஜன்னல் வைக்கக்கூட அவள் விடவில்லை. என் சமையலறையில் பட்டப்பகலிலும் விளக்கு எரிகிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் அவளுக்குப் பரிந்து பேசியதாகப் புகாரில் இருக்கிறது. அவளுக்குப் பரிந்து பேச வேண்டும் என்று எனக்கு என்ன தலையெழுத்து?

அதன் பிறகு நேற்று மதியம் தலைவர் அவசரக் கூட்டம் கூட்டினார். அவர்தான் எங்கள் கட்டிங் மாஸ்டர். நாத்தனாருக்கு மட்டும் தகவல் அனுப்பவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அவ வந்தா கூட்டமா நடக்கும், கூத்துதான் நடக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஏனென்றால் அது உண்மை.

அதன் பிறகு அவளைச் சங்கத்திலிருந்து நீக்கும் தீர்மானத்தை வாசித்துக் கைதூக்கச் சொன்னார். ஒருவரை நீக்கும் முன் அவரை அழைத்து, குற்றத்தைச் சொல்லி, பதிலைக் கேட்க வேண்டும் என்று நம் சங்க விதிகளான பைலாவில் இருக்கிறதே என்று நான் சொன்னேன். "சங்கம் நடக்கத்தானே பைலா? சங்கமே மூடிட்டா அத வச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்றார். அதிலும் நியாயம் இருந்தது. இனி வேலை தரமாட்டோம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லியிருந்தார்கள். யாரையாவது நீக்கிக் காட்டினால்தான் அவர்கள் மனம் மாறும் என்று எல்லோரும் நம்பினார்கள்.

ஆனால் அந்த விதியை எழுதச் சொன்னவரே அவர்தான். சங்கம் ஆரம்பித்தபோது மற்ற விதிகளையெல்லாம் வேறொரு சங்கத்தின் பைலாவைப் பார்த்து எழுதிக்கொண்டோம். இது ஒன்றுதான் எங்கள் சொந்தச் சரக்கு. முன்பு அவர் வேலை பார்த்த கம்பெனியில் ஒருநாள் காலை அவரைக் கேட்டிலேயே நிறுத்தி, இனி வர வேண்டாம் என்று காவலாளியை விட்டுச் சொல்லிவிட்டார்கள். என்ன தப்பு என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. அவருடைய கத்தரிக்கோல்கூட உள்ளேயே இருந்துவிட்டது. அதைச் சொல்லும்போது அவர் அழுதார். அன்றைக்கு "நாமெல்லாம் ஒரே குடும்பம், இதெல்லாம் எதுக்கு மாஸ்டர்?" என்று கேட்டவள் என் நாத்தனார்.

நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன். பிடித்தவர்களுக்கு விதியே வேண்டாம். விதி இல்லாவிட்டாலும் உட்காரவைத்து டீ கொடுத்து விசாரிப்போம். கண்டாலே ஆகாதவளுக்காகத்தான் எழுதி வைத்திருக்கிறோம் என்பது நேற்றுத்தான் எனக்கு உறைத்தது.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. தையல் கோணலாக வந்தால், தைத்தவரைக் கூப்பிட்டுக் காட்டாமல் அதைப் பிரிக்கக் கூடாது. அதுவும் மாஸ்டர் கொண்டுவந்ததுதான். அதனால் நான் எழுந்து, "ஒரு சட்டையப் பிரிக்கணும்னாகூட தைச்சவளக் கூப்பிடுறீங்களே மாஸ்டர், இவளக் கூப்பிட மாட்டீங்களா?" என்று கேட்டேன். தூக்கிய கைகளில் சில இறங்கின. ஆனாலும் தீர்மானம் நிறைவேறப் போதுமான கைகள் மேலேயே இருந்தன.

அதன் பிறகு அவர் அலமாரிப் பக்கம் போனார். சங்க முத்திரை குத்தினால்தான் தீர்மானம் செல்லும். அந்த முத்திரை செயலாளர் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பதும் பைலாதான். முந்திக்கொண்டு முத்திரையை எடுத்து என் டிபன் டப்பாவில் போட்டு மூடிப் பைக்குள் வைத்தேன். திருடும் எண்ணம் இல்லை. டப்பாவைக் கழுவியிருக்கவில்லை, அதற்கு மட்டும் வருந்துகிறேன்.

மாஸ்டர் பையைப் பிடித்து இழுத்தார். நான் அவரைத் தள்ளவில்லை. பையின் பிடி அறுந்து, அவர் பின்னால் போய்ப் பட்டன் டப்பாக்களின் மேல் உட்கார்ந்துவிட்டார். பட்டன்கள் தரையெங்கும் சிதறின. உடனே எல்லோரும் சண்டையை விட்டுவிட்டுக் குனிந்து பொறுக்க ஆரம்பித்தோம், மாஸ்டர் உட்பட. வெள்ளையை வெள்ளையோடும் கறுப்பைக் கறுப்போடும் சேர்த்து வைத்துவிட்டுத்தான் நான் பையோடு வெளியே வந்தேன்.

அதன் பிறகு சாயங்காலம் நாத்தனார் என் வீட்டு வாசலுக்கு வந்தாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள். வழக்கமான சத்தம் இல்லை. "அண்ணி, நான் பெட்டிய அணைச்சேனா இல்லையான்னு எனக்கே ஞாபகம் இல்ல" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. "என்கிட்ட சொல்லாத, கூட்டத்துல வந்து சொல்லு" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன்.

அதன் பிறகு இன்று காலை காவலர் வந்து அழைத்ததால் முத்திரையோடு இங்கே வந்தேன். திருடி என்று என் மேல் புகார் இருந்தும், இங்கே என்னை உட்காரச் சொல்லி, என்னம்மா நடந்தது என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறீர்கள். எங்கள் சங்கத்தில் அவளுக்கு இந்த நாற்காலிகூடப் போடவில்லை. முத்திரையை உங்களிடம் ஒப்படைக்கிறேன். அவளைக் கூப்பிட்டுக் கேட்கும் நாளில் வந்து வாங்கிக்கொள்கிறேன். பெட்டியை அணைக்காமல் போனது அவள்தான் என்றே எனக்கும் தோன்றுகிறது. கேட்ட பிறகும் அப்படியே தோன்றினால் நானும் கை தூக்குவேன், முத்திரையையும் நானே குத்துவேன். கேட்காமல் குத்த மாட்டேன்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். ஓரிடத்தில் "நாத்தனாருக்கு ஆதரவாக" என்று இருந்தது. அதை அடித்துவிட்டு "நாத்தனாரை விசாரிக்க வேண்டி" என்று எழுதச் சொன்னேன், எழுதினார்கள். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, நான் சொன்னதெல்லாம் உண்மை.

(ஒப்பம்)
செயலாளர், தையல் கூட்டுறவுச் சங்கம்