துட்டி வீட்டு விடுப்பு

நான் வாக்குக் கொடுத்த மத்தியானம் கூடத்தில் ஐந்து பேர் இருந்தோம். நான், பக்கவாதத்தில் படுத்துவிட்ட என் தம்பி சங்கரராமன், மருமகள் ஆனந்தி, பேத்தி மீனலோசினி, அவளோடு பல் மருத்துவம் படித்த கடையநல்லூர் அஃப்ரோஸ். அன்றைக்குச் சாம்பார் நன்றாக இருந்தது.

மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு எழுத வேண்டும் என்றாள் மீனலோசினி.

"அண்ணாச்சி, பிள்ளை எழுதட்டும். எல்லார் முன்னாலயும் ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றான் தம்பி.

எழுதட்டும் என்றேன். ஆனால் ஆவணியில் அவளுக்குக் கல்யாணம் என்று திருநெல்வேலியில் ஒரு வீட்டாருக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தேன். இன்னும் மூன்று வருஷம் படிக்கப் போகிற மருமகள் அவர்களுக்கு வேண்டாம். எங்கள் குடும்பத்தில் யாரும் வாக்கு மாறியதில்லை.

தேர்வுக்கு என்னென்ன வேண்டும் என்று அஃப்ரோஸிடம் கேட்டேன். பட்டம் மட்டும் போதாதாம். ஒரு வருஷப் பயிற்சியை மார்ச் கடைசிக்குள் முடித்திருக்க வேண்டும். விடுப்பு கூடினால் பயிற்சி அத்தனை நாள் தள்ளிப்போகும். அம்மை போட்டதில் மீனலோசினியின் விடுப்பெல்லாம் தீர்ந்திருந்தது.

"ஏட்டி, இனி நான் செத்தாக்கூட நீ லீவு போடப்படாது, கேட்டியா?" என்றான் தம்பி.

"மார்ச் முடியட்டும் சின்னத் தாத்தா. அதுவரைக்கும் இருந்துக்கிடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நான் யோசித்தேன்.

தம்பியை நிமிர்த்தி உட்காரவைத்துக் கெட்டிக் கஞ்சிதான் ஊட்ட வேண்டும்; படுத்தபடி தண்ணீர் கொடுத்தால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாசியில் ஒரு நாள் ஆனந்தி கோயிலுக்குப் போயிருந்தாள். தம்பி தண்ணீர் கேட்டான். படுத்தபடியே கொடுத்தேன். சொம்பு காலியாகும்வரை அவன் தலையைப் பிடித்துக்கொண்டேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். தலையணை நனைந்ததை நான் கவனிக்கவில்லை. ஆனந்தி கவனித்திருக்கிறாள்.

துட்டி விழுந்தால், பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை வீட்டுப் பெண்பிள்ளை வாசல் தாண்டுவது எங்கள் வழக்கத்தில் இல்லை.

"தாத்தா, பயிற்சி மார்ச்சைத் தாண்டிருமே" என்று மீனலோசினி அழுதாள்.

"துட்டி வீட்டுப் பிள்ளை எங்க போவே? உனக்காகப் பேசுனவனுக்கு இதுகூடச் செய்ய மாட்டியா?" என்றேன். அவள் போகவில்லை. நல்ல பிள்ளை.

பேத்தியைப் பரீட்சை எழுதவிடாமல் தடுக்கத்தான் தம்பியைக் கொன்றேன் என்று ரதவீதியில் பேசிக்கொள்கிறார்களாம், இன்ஸ்பெக்டர். கொன்றது நான்தான். மற்றது பொய். அவளை நான் தடுக்கவே இல்லை. எழுதட்டும் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறேன்.