ஆறரை மாதம் கழித்துப் போட்ட பந்தல்

கள்ளக்குறிச்சி காவல் நிலையம், 04.12.2021, சனிக்கிழமை, காலை 11 மணி.

அறிவுச்செல்வன் என்பவர் கொடுத்த மனு மீதான விசாரணைக்கு அழைக்கப்பட்டு நேரில் வந்த ஆனந்தமேரி, வயது 61, கணவர் பெயர் சேவியர்ராஜ் (காலஞ்சென்றவர்), கதவு எண் 14, பள்ளிக்கூடத் தெரு, கள்ளக்குறிச்சி என்பவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டது:

நான் மேற்படி முகவரியில் சொந்த வீட்டில் தனியாக வசித்து வருகிறேன். அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். என் கணவர் பஸ் கண்டக்டர். கடைசிப் பதினோரு வருடமும் வெள்ளிமலை போகும் வண்டியில்தான் இருந்தார். மலைச்சனங்கள் அவருக்குக் கடுக்காயும் பலாச்சுளையும் கொடுத்தனுப்புவார்கள். எங்களுக்கு ஜான் என்று ஒரே மகன், குவைத்தில் வேலை செய்கிறான், ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான்.

என் கணவர் 19.05.2021 அன்று கொரோனாவால் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். எனக்கும் தொற்று இருந்ததால் என்னைப் பார்க்க விடவில்லை. உடலை வீட்டுக்குக் கொண்டு வராமல் நேராக ஊருக்கு வெளியே உள்ள இடுகாட்டுக்குக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள். பந்தல் போடவில்லை. கோயில் மணி அடிக்கவில்லை. மகனுக்கு விமானம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் சாத்தியிருப்பேன். அதன் பிறகு பதினெட்டு நாள் கழித்து நான் இடுகாட்டுக்குப் போனபோது அங்கே குழி வெட்டும் பச்சமுத்து என்பவர், மூன்றாவது வரிசையில் தெற்கிலிருந்து ஆறாவது குழி என்று எனக்குக் காட்டினார். அன்று முதல் வாரம் ஒரு தடவை போய் எண்ணிப் பார்த்துவிட்டு வருவேன்.

என் வீட்டுக்கு நேர் எதிரே தனியார் ஆங்கிலப் பள்ளி இருக்கிறது. ஒன்றரை வருடத்துக்கு மேல் மூடிக் கிடந்த பள்ளியைச் சின்ன வகுப்புகளுக்கு 01.11.2021 அன்று திறந்தார்கள். பத்தரை சதவீத உள் ஒதுக்கீடு செல்லாது என்று ஐகோர்ட்டில் தீர்ப்பு வந்ததும் அதே நாள்தான். காலையில் தெருவில் நின்று பிள்ளைகளின் மாஸ்க்கைப் பற்றிப் பேசியவர்கள் சாயங்காலம் தீர்ப்பைப் பற்றிப் பேசினார்கள். வேனில் அனுப்பினால் நோய் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து ஒவ்வொருவரும் காரிலும் பைக்கிலும் கொண்டுவந்து விட ஆரம்பித்தார்கள். பன்னிரண்டு அடித் தெருவில் அறுபது வண்டி வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்குப் பிள்ளைகள் சத்தம் பிடிக்கும். ஆரன் சத்தம்தான் பிடிக்கவில்லை.

என் வீட்டு கேட் வெளிப்பக்கமாகத் திறக்கும். தெருவில் இடம் பற்றாது என்று கொத்தனார் சொல்லியும் கேட்காமல் என் கணவர்தான் அப்படி வைத்தார். அவருக்குப் பஸ் கதவு மாதிரி இருக்க வேண்டும். ஆகவே கேட்டை ஒட்டி ஒரு வண்டியை நிறுத்தினால் என்னை உள்ளே வைத்துப் பூட்டியது போலத்தான். மனுதாரர் அறிவுச்செல்வன் ரிஷிவந்தியம் பக்கத்து விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் மகள் தனுஷா இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவர் தினமும் எட்டரை மணிக்குத் தன் வெள்ளைக் காரை என் கேட்டில் மூக்கு முட்டும்படி நிறுத்திவிட்டு, பிள்ளையை உள்ளே விட்டு, பிறகு மற்றவர்களோடு நின்று தீர்ப்பை எதிர்த்து நடக்கும் போராட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். நான் இதைப் பற்றி 10.11.2021 அன்று காவல் நிலையத்தில் மனு கொடுத்தேன். எழுத்தர், "ஆளெல்லாம் பந்தோபஸ்துக்குப் போயிருக்காங்கம்மா, தீர்ப்பு சூடு ஆறட்டும்" என்றார். சூடு ஆறவில்லை. காரும் நகரவில்லை.

அதன் பிறகு 23.11.2021 இரவு பச்சமுத்து எனக்குப் போன் செய்து, "ஏம்மா, மழையில குழியெல்லாம் எறங்கிக்கினு போவுது. நாளைக்கு ஒம்போது மணிக்கு ஜேசிபி வந்து மண்ணு கொட்டி மட்டம் பண்ணப் போறாங்க. அதுக்குள்ள வந்து எடத்தக் காட்டிட்டீங்கன்னா கல்லு நட்டுப்புடலாம். எனக்கு நாளைக்கு ரிஷிவந்தியத்துல ஒரு சோலி, நான் இருக்க மாட்டேன்" என்றார். நான் என் கணவர் பெயரும் சிலுவையும் செதுக்கிய கல் ஒன்றை ஏற்கெனவே செய்து வாங்கி வீட்டில் வைத்திருந்தேன். அதை ஒரு ஆள் தூக்க முடியாது. மறுநாள் காலை எட்டே முக்காலுக்கு ஆட்டோ சொல்லியிருந்தேன்.

24.11.2021 புதன்கிழமை காலை எட்டரை மணிக்கே மேற்படி கார் கேட்டை அடைத்து நின்றுவிட்டது. ஆட்டோக்காரர் தெருமுனையிலிருந்து போன் செய்து, உள்ளே வர வழியில்லை, பத்து நிமிடம் பார்ப்பேன் என்றார். பத்து நிமிடம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாருடைய கார், எடுங்கள் என்று கூப்பிட்டேன். தெருவில் நூறு பேர் இருந்தார்கள். ஒருவரும் திரும்பவில்லை, அவரவர் ஆரனை அவரவர் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் என் கணவர் போனது எனக்கு முழுசாக உறைத்தது. அவர் இருந்திருந்தால் ஒரு விசில் ஊதியிருப்பார், தெருவே நின்றிருக்கும்.

அதன் பிறகு ஒன்பது இருபதுக்கு மனுதாரர் வந்தார். நான் சத்தம் போட்டேன். மரியாதை இல்லாமல் பேசினேன், அதை ஒப்புக்கொள்கிறேன். அவர், "இன்னாம்மா கத்திக்கினு இருக்கீங்க. எங்க புள்ளைங்க படிப்புக்காக நாங்க ரோட்ல நிக்கிறோம். உங்க கேட்டாண்ட ஒரு வண்டி நிக்கக் கூடாதா? ரெண்டு நிமிசம் கேட்டு தொறக்கலன்னா செத்தா பூடுவீங்க?" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனார். எதற்காக வெளியே போக வேண்டும் என்று அவருக்கு நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எடுத்திருப்பாரோ என்னவோ, இப்போது சொல்ல முடியாது.

வேறு ஆட்டோ பிடித்துக் கல்லையும் ஏற்றிக்கொண்டு இடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தேகால். ஜேசிபி கடைசி வரிசையில் இருந்தது. மூன்றாவது வரிசை என்று எதுவும் இல்லை, எல்லாம் ஒரே சிவப்பு மண். நான் தெற்கிலிருந்து காலடியால் அளந்து பார்த்தேன். மூன்று தடவை அளந்தேன், மூன்று தடவையும் வேறு வேறு இடத்தில் வந்து நின்றேன். யாரோ ஒருவர் தலைமேல் இவர் பெயரை நடுவதற்கு மனம் வராமல் கல்லை வீட்டுக்கே திருப்பிக் கொண்டு வந்துவிட்டேன். கல் இப்போதும் என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது.

அதன் பிறகு ஒரு வாரம் நான் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. கார் தினமும் அதே இடத்தில் நின்றது. நம் பக்கத்தில் எவ்வளவு பெரிய மனிதரானாலும் சாவு வீட்டுப் பந்தலுக்கு எதிரே வண்டியை நிறுத்த மாட்டார், ஆரனும் அடிக்க மாட்டார். இது எனக்குத் தெரிந்தே 30.11.2021 சாயங்காலம் பந்தல் வாடகைக்கு விடும் நைனார்பாளையம் மாயவனுக்குப் போன் செய்தேன். அவர், "நல்லதாம்மா, கெட்டதா?" என்று கேட்டார். கெட்டது என்றேன். "யாரும்மா தவறிட்டது?" என்றார். வீட்டுக்காரர் என்றேன். எப்போது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆகவே மாயவன் மீது எந்தக் குற்றமும் இல்லை. மறுநாள் விடியற்காலையில் ஆளோடு வந்து, வாசலில் வெள்ளைச் சாமியானாவைக் கட்டி, முப்பது நாற்காலி போட்டுவிட்டு, "எடுத்தாச்சாம்மா?" என்று மட்டும் கேட்டார். எடுத்தாகிவிட்டது என்றேன். சாவு வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்பதால் ஒன்றும் சொல்லாமல் போனார். கேட்டில் கறுப்புத் துணி கட்டியது நான்.

01.12.2021 அன்று காலை ஒரு கார்கூட என் கேட்டுக்கு வரவில்லை. தெருவில் ஆரன் சத்தமே இல்லை. பைக்கில் வந்தவர்கள் பந்தலைக் கண்டதும் வண்டியை அணைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் கூடத்தில் என் கணவர் படத்தையும் பக்கத்தில் கல்லையும் வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, ஒரு குண்டான் நிறைய டீ போட்டு வைத்தேன். காரை விரட்டத்தான் பந்தல் போட்டேன், அது உண்மை. ஆனால் நாற்காலியைப் பார்த்ததும் யாராவது வந்து உட்காருவார்களா என்று காத்திருந்தேன், அதுவும் உண்மை. அன்றும் மறுநாளும் யாரும் உள்ளே வரவில்லை, யார் செத்தது என்று கேட்கவும் இல்லை. டீயை இரண்டு நாளும் சாக்கடையில்தான் ஊற்றினேன்.

03.12.2021 வெள்ளிக்கிழமை புனித சவேரியார் திருநாள், அந்தப் புனிதர் பெயரைத்தான் சேவியர் என்று என் கணவருக்கு வைத்தார்கள். அன்று சாயங்காலம் நாலேகாலுக்குப் பள்ளி விட்டதும் மனுதாரர் கையில் ரோஜா மாலையோடு, மகளையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்குள் வந்தார். காரை நான்கு வீடு தள்ளி ஓரமாக நிறுத்தியிருந்தார். ஒழுங்காக நிறுத்தத் தெரியாதவர் என்று நினைத்திருந்தேன், நன்றாகத் தெரிகிறது. சாவு வீட்டில் வருவது போலக் குனிந்த தலையோடு கூடத்துக்கு வந்தார். அடுப்படியிலிருந்து நான் டீயோடு வெளியே வந்தேன். அவர் என்னைப் பார்த்ததும் மாலையைக் கீழே போட்டுவிட்டார். அவருடைய பேச்சால்தான் நான் செத்துப் போனேன் என்று மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "மூணு நாளா தூங்கலம்மா நானு. இன்னா கூத்து இது?" என்றார். நான் உட்காருங்கள் என்றேன். அவர் உட்காரவில்லை, மகளை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு அவர் காரில் ஏறி, தெருமுனை அடைத்திருந்ததால் வேகமாகப் பின்னுக்கு எடுத்ததில் பந்தல் கால் மேல் இடித்து, சாமியானா காரின் மேலும் அங்கே நின்ற இரண்டு ஸ்கூட்டர்களின் மேலும் விழுந்துவிட்டது. ஒரு பிள்ளையின் தாயார் கண்ணகி என்பவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. நான் தண்ணீர் ஊற்றிக் கழுவித் துணி கட்டிவிட்டேன். இதற்கு நானே காரணம், என் பந்தல் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது.

உயிரோடு இருந்துகொண்டே சாவு நடந்ததாகப் பொய்ப் பந்தல் போட்டேன் என்று மனுதாரர் மனுவில் எழுதியிருக்கிறார். மன உளைச்சல் கொடுத்தேன் என்பது சரி, அதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்கத் தயாராக இருக்கிறேன். பொய்ப் பந்தல் என்பது மட்டும் சரியில்லை. என் வீட்டில் சாவு நடந்தது. பந்தல்தான் ஆறரை மாதம் கழித்து வந்தது. மாலையை எடுத்துக் கல்லின் மேல் போட்டு வைத்திருக்கிறேன், அத்தாட்சிக்கு வேண்டுமென்றால் வாடியதும் கொடுக்கிறேன். இடுகாட்டு விஷயம் மனுதாரருக்குத் தெரியாது. இதை அவருக்கு வாசித்துக் காட்டும்போது அந்த இடத்தை விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மூன்று நாள் தூங்காதவர், போதும்.

(வாசித்துக் காட்டிய பிறகு வாக்குமூலம் அளித்தவர் சேர்க்கச் சொன்னது:)

ஒன்று விட்டுப்போய்விட்டது. மனுதாரர் மகளை இழுத்துக்கொண்டு போகும்போது அந்தப் பிள்ளை வாசற்படியில் திரும்பி, "ஆயா, போயிட்டு வரேன்" என்றாள். சாவு வூட்ல அப்படிச் சொல்லக் கூடாது என்று அவர் பிள்ளையை அதட்டினார். அதட்ட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். மே மாதத்துக்குப் பிறகு என் வீட்டில் வரேன் என்று சொல்லிப் போனது அந்தப் பிள்ளை ஒன்றுதான்.

இதில் உள்ளது முழுவதும் நான் சொல்லி எழுதப்பட்டது, எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நடந்ததற்குமேல் கூட்டியும் சொல்லவில்லை, எதையும் மறைக்கவும் இல்லை.

(ஒப்பம்)
சே. ஆனந்தமேரி