வெறுங்கால் தடம்

— செருப்புத் தடமே இல்லைண்ணே. அதைத்தான் நானும் திரும்பத் திரும்பச் சொல்றேன். சர்வேக்காரன் எவனாவது காயாவுக்குள்ள, நம்ம சாமிக் காட்டுக்குள்ள, நம்மளை மாதிரி வெறுங்காலோட நடப்பானா?

— நிதானமாப் பேசு, நியேவு. ராத்திரி மழையில தடம் அழிஞ்சிருக்கும்.

— அழிஞ்சிருந்தா அஞ்சு விரலும் எப்படிப் பதிஞ்சு கெடக்கு? காட்டு நடுவுல வீட்டுமனைக்கு முளை அடிச்சுட்டுப் போயிருக்கானுங்க. செவப்புத் துணி வேற கட்டி, கல்யாண வீடு மாதிரி. கடல் தெரியற வீடாம். மழைக்காலம் முழுக்க நாங்க பொம்பளைங்க புல்டோசருக்குக் குறுக்க உக்காந்து கெடந்தது இதுக்கா?

— அவனுங்ககிட்ட மேப்பு இருக்கும்மா. வானத்துல இருந்தே படம் புடிக்கிறானுங்க.

— வானத்துல இருந்து பார்த்தா, முள்ளுப் புதருக்குள்ள குனிஞ்சு போற பாதை தெரியுமா? காட்டுக்குக் காவல்கார வீடுங்கறதால அது நமக்கு மட்டும்தான் தெரியும். அதுலயும் இப்ப உசுரோட இருக்கறது நீயும் நானும்தான். அந்தத் தடம் அப்பாவைப் பொதைச்ச எடத்துக்கு வந்ததும் ஒதுங்கி, சுத்திப் போகுது பாரேன். வெளியாளுக்கு அந்த எடம் எப்படித் தெரியும்? ஏன்ணே, தேங்கா உரிக்கறதை நிறுத்திட்ட?

— மரியாதையாத்தான் கூட்டிட்டுப் போனேன்.

— என்ன சொன்ன?

— செருப்பைக் கழட்டுங்கன்னேன். இடுப்புல கறுப்புத் துணி கட்ட வச்சேன். அந்த மொம்பாசா இன்ஜினியர் கால்ல முள்ளு ஏறிக் கத்தினான். கத்தாதீங்க, பெரியவங்க தூங்கறாங்கன்னேன். ஒரு எலை கூட வெளிய எடுத்துட்டு வர விடலை, புரியுதா?

— எலையை விடலையாம். காட்டையே தூக்கிக் குடுத்துட்டு.

— எப்படியும் எடுக்கத்தான் போறானுங்க. 'கரிசா, உங்கப்பா இருக்கற எடத்தை மட்டும் விட்டுடறோம், சுத்திச் சுவர் கட்டித் தர்றோம்'னாங்க. வாசல்ல காவல் வேலையும் எனக்குத்தான். நம்ம வீட்டு வேலைதானே அது?

— அப்பா காட்டுக்குக் காவல் இருந்தாரு. நீ அவனுங்க காருக்குக் கதவு தொறக்கப் போற.

— உனக்கு வாய் நீளுது.

— வயிறு எரியுதுண்ணே. வேற எவனாவது செஞ்சிருந்தா திட்டிட்டுப் போயிருப்பேன். உன்னை நம்பித்தானே அந்த மெஷினுக்கு முன்னால போய்ப் படுத்தேன். சரி, எந்திரி. சாயங்காலம் ஊர்ச்சபை கூடுது. நீயே எல்லாத்தையும் சொல்லிடு. முளையைப் புடுங்க மொத ஆளா நில்லு. கோவப்படுவாங்க, ஒரு ஆடு அபராதம் போடுவாங்க, அவ்வளவுதான். நான் பக்கத்துல நிக்கறேன். என்ன இருந்தாலும் உன்னை விட்டுக் குடுக்க மாட்டேன்.

— வர்ற வழியில உங்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலையா?

— என்கூட மெஷினுக்கு முன்னால படுத்தவ காட்சோ, அவ பக்கத்துல போய் உக்காந்தேன், பாயைச் சுருட்டிக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. டீக்கடை டாமா எனக்கு டீ கூட ஊத்தலை. முளையைப் பார்த்த துக்கம்னு நெனச்சேன். ஏன் கேக்கற?

— சபை காலையிலயே கூடிருச்சு, நியேவு. உன்னைக் கூப்பிட வேண்டாம்னுட்டாங்க.

— என்னை எதுக்குக் கூப்பிடாம விடணும்?

— பாதை தெரிஞ்சது நம்ம ரெண்டு பேருக்குத்தானே. நான் காட்டலைன்னு சத்தியம் பண்ணிட்டேன். காட்டு வாசல்ல நின்னு, செருப்பைக் கழட்டிட்டுத்தான் பண்ணேன்.