சுப்பராயலு வில்லனான கதை

— ஏண்டா சந்திரமோகா, உன் படத்துல நான் உன்ன செருப்பால அடிச்சி ஊட்டவுட்டு தொரத்துறேனாமே?

— ஒரே ஒரு சீன்தாம்ப்பா. இன்டர்வெல்லுக்கு முன்னாடி.

— த பாரு, நீ ஆம்பளையோட வாழறதுக்கு கோர்ட்டு, ஊர்வலம்னு அலைஞ்ச கதையத்தான எடுக்கறீங்க? அதுல நான் எப்படா உன்ன அடிச்சேன்? புளிசோறு கட்டிகினு உன் பின்னாடியே வந்தேனேடா.

— வந்த. வானவில் கொடில ஆறு கலர்தான் கீது, வானவில்லுன்னா ஏழு, ஒண்ண எவனோ அமுக்கிட்டான்னு நடுரோட்ல ஊர்வலத்தையே நிறுத்தின.

— பட்டு நெய்யறவன், கலர் கொறஞ்சா கேக்காம வருவனா?

— போலீஸ் நம்மள கல்யாண மண்டபத்துல அடைச்சப்போ, சாம்பார்ல உப்பில்லன்னு இன்ஸ்பெக்டராண்ட சண்டைக்குப் போன. எங்க கோஷத்தவுட அதுதாம்ப்பா டிவில வந்துச்சு.

— அத்த படத்துல வெக்கச் சொல்லு.

— வெச்சா யாரும் நம்பமாட்டாங்களாம். இப்டி ஒரு அப்பா இருப்பாரான்னு சிரிப்பாங்களாம். டைரக்டர் அன்பரசு சொல்றாரு.

— யாரு, உள்ள வராம வாசல்ல கார்லயே குந்திகினு கீறானே, அந்தப் புள்ளையா?

— அவருதான்.

— அவனுக்கு இன்னாடா தெரியும் என்னப் பத்தி? நாளைக்கு ஆரணி பூரா படம் பாக்கும். டீக்கடைல பாலு கேப்பான், பெத்த புள்ளைய தொரத்தினியாமேன்னு. ஒண்ணு அந்த சீன எடுத்துடு. இல்லன்னா இந்த ஊட்ல ஷூட்டிங் கெடையாது.

— கொஞ்சம் கேளுப்பா. அந்த சீன் உன்னப் பத்தியே இல்ல.

— பின்ன?

— அன்பரசுவும் என்ன மாதிரிதான். தேசூர்ல அவங்க அப்பா அவர அப்டித்தான் தொரத்துனாரு. செருப்பு, வசனம் எல்லாம் அவரோடது. சுப்பராயலுன்னு உன் பேர மட்டும்தான் வெச்சிகினாங்க.

— சாப்ட்டானாடா அவன்?

— தெரியல.

— சரி, என் பேரே இருக்கட்டும். எத்தினி அடி வேணா அடிக்கறேன்.

— பாலு கேட்டா?

— கேட்டுட்டுப் போறான். நீ ஜல்தியா போயி அவன உள்ள கூட்டிகினு வா. அப்பா சாப்புடக் கூப்புடுறாருன்னு சொல்லு.

— எந்த அப்பான்னு கேப்பாருப்பா.

— செருப்பால அடிச்சவரேதான்னு சொல்லு.