பதினேழாம் பக்கத்தில் இரண்டு மில்லிமீட்டர்

தலைமை ஏற்றிருக்கும் தொழிற்சங்கத் தலைவர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் உற்பத்தி மேலாளர் அவர்களே, முன்வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி இருக்கும் தையற்காரத் தம்பியே, மூன்று ஷிப்டிலிருந்தும் வந்திருக்கும் தோழர்களே! வணக்கம்.

எனக்கு மேடைப் பழக்கம் இல்லை. ஆவணப் பிரிவில் மெய்ப்புத் திருத்தியே முப்பத்தோரு வருடம் கழித்தவன். ஆகவே எழுதி வைத்துப் படிக்கிறேன். மூன்று முறை எழுதினேன். முதல் இரண்டிலும் ‘துரதிருஷ்டவசமாக’ என்ற சொல் இருந்தது. இதில் அதை அடித்துவிட்டேன்.

நம் ஜீரோ அக்கா போய்விட்டார். ஒவ்வொரு காலையும் எல்லா இயந்திரங்களையும் தொடக்கப் புள்ளிக்குக் கொண்டுவந்து நிறுத்தி, “ஜீரோ வெச்சாச்சு, இனி உங்க பாடு” என்று கையைத் துடைத்துக்கொண்டு போவாரே, அந்த அக்கா! பத்தொன்பது வருடப் பராமரிப்புப் பணி. அவர் கைபட்ட இயந்திரம் யாரையாவது ஒரு கீறல் கீறியதுண்டா? சொல்லுங்கள், உண்டா?

உங்கள் லாக்கரில் நீல அட்டைக் கையேடு ஒன்று இருக்கிறது. இயந்திரக் கையைச் சொன்ன அளவுக்கு நகர்த்தும் சர்வோ மோட்டார் பற்றிய சொற்களுக்குத் தமிழில் விளக்கம். இரண்டு வருடச் சாப்பாட்டு இடைவேளைகளில் அவரும் நானும் எழுதியது. நான் எழுதிக் காட்டிய முதல் பக்கத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

“ஐயா, தமிழ் நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்பரைக் காணோமே? உப்பு தேவையான அளவுன்னு சமையல் குறிப்புல போடற மாதிரி இருக்கு. யாருக்குத் தேவையான அளவு?”

ஒவ்வொரு சொல்லுக்கும் நம் இயந்திரத்தின் அளவையே உதாரணமாகப் போடச் சொன்னார். சொல் விளக்கத்துக்கு அது எதற்கு என்று நான் மூன்று முறை அடித்தேன். மூன்று முறையும் அவர் திரும்ப எழுதினார். அவர் செய்ததே சரி.

பதினேழாம் பக்கத்தில் ‘பின்தொடர் பிழை’ என்று எழுதியிருந்தேன். “பிழைங்காதீங்க ஐயா, பாவம். மெஷினைப் போகச் சொன்ன இடம் ஒண்ணு, அது போய்ச் சேர்ந்த இடம் ஒண்ணு. நடுவுல இருக்கற தூரம் அது. பின்தங்கல்னு போடுங்க. அந்தத் தூரம் எல்லையைத் தாண்டினா, எதுவோ வழியை மறிக்குதுன்னு அர்த்தம். உடனே மோட்டார் நின்னுடணும்.” மூன்றாம் இயந்திரத்துக்கு எல்லை இரண்டு மில்லிமீட்டர். அச்சில் இருக்கிறது.

இனி நான் சொல்லப்போவதை நேற்றே ஒருமுறை சரிபார்த்தேன். இன்று காலையும் சரிபார்த்தேன்.

முப்பத்தைந்து நாளுக்கு முன், மேலாளரின் அறையில், மூலை நாற்காலியில் மெய்ப்புத் தாள்களோடு உட்கார்ந்திருந்தேன். அக்காவை அழைத்திருந்தார்கள்.

“மூணாம் மெஷின் ஒரு நாளைக்கு ஒன்பது தடவை நிக்குதும்மா. எல்லையை நாப்பதா ஏத்திடு.”

“நாப்பதா ஏத்தினா எதுல மோதினாலும் நிக்காது சார்.”

“நிக்கக் கூடாதுன்னுதானே சொல்றேன்?”

“அப்ப வேற ஆளைப் பாருங்க சார். என் கையால மாட்டேன்.”

வெளியே போகும்போது அக்கா என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன்.

மறுநாள் எல்லை நாற்பது. எல்லையை மாற்றுவதற்கான கடவுச்சொல்லும் மாறிவிட்டது. அதனால் அக்காவால் அதைத் திருத்த முடியவில்லை. இயந்திரத்தின் மின்பெட்டிக் கதவின் உட்புறம், தான் செய்யும் மாற்றங்களைத் தேதியோடு எழுதிவைப்பது அவர் வழக்கம். அன்று எழுதினார்: ‘2 இருந்தது, 40 ஆக்கியுள்ளார்கள். நான் மாற்றவில்லை.’

இருபத்திரண்டாம் நாள், ஒரு பெட்டி வழியில் சிக்கியது. இயந்திரம் நிற்கவில்லை. தள்ளியது. மேலும் மேலும் தள்ளியது! இரும்புக் கை முறிந்து, தடுப்புக்கு வெளியே, நிற்க வேண்டிய இடத்தில் சரியாக நின்றிருந்த அக்காவின் மேல் பாய்ந்தது.

நிர்வாகத்தின் விபத்து அறிக்கை என்ன சொல்கிறது? எல்லையை நாற்பதாக்கியது பராமரிப்புப் பணியாளராம்! கவனக்குறைவாம்! நேற்று அந்தக் கதவைத் திறந்து பார்த்தேன். உட்புறம் முழுவதும் புது சாம்பல் நிறப் பெயின்ட். கைக்குட்டையில் ஒட்டியது. கதவின் உட்புறத்துக்கு யார் பெயின்ட் அடிப்பார்கள்? எதற்கு அடிப்பார்கள்?

மேலாளர் அவர்களே, தயவுசெய்து உட்காருங்கள். இன்னும் அரைப் பக்கம்தான் இருக்கிறது.

எல்லை மாறிய அன்று மாலை எனக்கு ஒரு துண்டுச் சீட்டு வந்தது. ‘கையேடு, பக்கம் 17. 2 என்பதை 40 என்று திருத்தவும்.’ கீழே மேலாளரின் கையொப்பம், தேதி. ஏன் என்று கேட்டேனா? கேட்கவில்லை. மூலப்படியில் திருத்தினேன். முப்பத்தோரு வருடமாகத் திருத்தச் சொன்னதைத் திருத்தியவன்தானே! என்மேல் எனக்கு வரும் ஆத்திரத்துக்கு இந்த மண்டபம் போதாது. புதிய பதிப்பு இன்னும் அச்சாகவில்லை என்பது மட்டுமே ஆறுதல். இன்னொன்று, வரும் சீட்டு எதையும் நான் எறிவதில்லை. இதோ, இருக்கிறது.

தையற்காரத் தம்பி, அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் என் சட்டையைப் பிடித்து, “அவ மேல தப்பா ஐயா? சொல்லுங்க, பொண்ணு கேக்குறா” என்றீர்கள். அறிக்கை வரட்டும் என்று சொல்லிவிட்டு நழுவினேன். இப்போது சொல்கிறேன். இல்லை, தம்பி. பாப்பா, உன் அம்மாமேல் ஒரு தப்பும் இல்லை. மாட்டேன் என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

தலைவர் அவர்களே, சீட்டை உங்கள் கையில் தருகிறேன். பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். நாளைக் காலை ஒன்பது மணிக்குப் பாதுகாப்பு ஆய்வாளர் அலுவலகத்தில் என் வாக்குமூலத்தோடு இருப்பேன். நாளை மூன்றாம் இயந்திரத்தைப் பழுதுபார்த்து மறுபடி ஓட்டப்போகிறார்களாம். எல்லை இன்னும் நாற்பதுதான். தோழர்களே, அது இரண்டாகும்வரை யாரும் அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள். அக்கா நமக்கு விட்டுப்போன வேலை அதுதான்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்து ஒரு நிமிட மௌனம் என்று இருக்கிறது. மன்னிக்க வேண்டும். முப்பத்தைந்து நாள் மௌனமாக இருந்து பார்த்துவிட்டேன். கையேடு கொண்டுவந்திருப்பவர்கள் எடுங்கள். இல்லாதவர்கள் பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து பாருங்கள். பதினேழாம் பக்கம், மேலிருந்து நான்காம் வரி.

எல்லோரும் சேர்ந்து, சத்தமாகப் படியுங்கள்.